தரை தூரமாகிவிட்டது
மீஞ்சூர் காலை ரயிலின் மகளிர் பெட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே, டீச்சரம்மாக்களே, பூக்கார அம்மா,

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. உங்களில் பலருக்கு நினைவிருக்காது. நாலு மாத விடுப்பு முடிந்து அன்றுதான் மறுபடி நம் பெட்டியில் ஏறியிருந்தேன். நந்தியம்பாக்கம் தாண்டியதும் வண்டி குலுங்கியதில் என் பையிலிருந்து டிபன் பாக்ஸ் விழுந்தது. மூடி கழன்று சீட்டுக்கு அடியில் உருண்டோடியது. தயிர்சாதம் பாதி தரையில். நான் கம்பியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: “தன்னுது விழுந்தாக்கூட குனிஞ்சி எடுக்க மாட்டாங்களாம். கூடவே ஆள் வரணும் போல.”

கவரைப்பேட்டையில் ஏறும் அக்காதான் பாக்ஸை எடுத்துக் கையில் கொடுத்து, பழைய பேப்பரால் தரையையும் துடைத்தார். மூடி கிடைக்கவில்லை. சென்ட்ரல் வரும்வரை நான் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தேன்.

அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை, கோபமும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் நான் நன்றாகத்தான் இருந்தேன். சொல்லப்போனால் முன்பைவிட நன்றாக, நேராக. அதுதான் சிக்கலே. அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன ஆகியிருக்கிறது என்று அப்போது எனக்கே முழுசாகப் புரிந்திருக்கவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. அதனால் இந்த மடல்.

என் முதுகுக்குள் இரண்டு டைட்டானியம் கம்பிகளும் 22 திருகாணிகளும் இருக்கின்றன. கழுத்திலிருந்து இடுப்பு வரை மனிதருக்கு அசையும் முள்ளெலும்புகள் 24: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5. அதில் 12 எலும்புகளை எனக்கு ஒன்றாக ஒட்டவைத்திருக்கிறார்கள். சரிபாதி. அந்தப் பாதி இனி வளையாது, திரும்பாது. குனிய வேண்டுமென்றால் தொடை சேருமிடத்தில் கதவு மடங்குவதுபோல மடங்கலாம், அல்லது முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழலாம். ஓடுகிற ரயிலில், கூட்டத்தில், அறுவை சிகிச்சையான நாலாம் மாதத்தில் இரண்டும் முடியாது.

நோயின் பெயர் ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. வளைவதோடு நிற்காமல் கயிறு போல முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அந்த முறுக்கில் ஒரு பக்க விலா எலும்புகள் பின்னால் தள்ளப்பட்டு, முதுகில் ஒரு மேடு தெரியும். ஊர் அதைப் பார்த்துத்தான் கூன் என்கிறது. 1948இல் ஜான் காப் என்ற நியூயார்க் எலும்பு மருத்துவர், எக்ஸ்ரே படத்தில் இரண்டு கோடு போட்டு வளைவை டிகிரிக் கணக்கில் அளக்கும் முறையைச் சொன்னார். இன்றும் உலகமெங்கும் அதே கணக்குதான். 10 டிகிரி தாண்டினால் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அது இருக்கும். பெரும்பாலோருக்குச் சின்ன வளைவு, வைத்தியமே தேவைப்படாது. பெரிதாக வளைகிறவர்களில் பெண்பிள்ளைகளே மிக அதிகம்.

எனக்குப் பதினாறு வயதில் 46 டிகிரி. ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றார் டாக்டர். “முதுகில் கத்தி வைத்தால் கால் விளங்காமல் போய்விடும்”, “கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வளைவு யாருடைய கல்யாணத்துக்காகவும் காத்திருப்பதில்லை. 50 டிகிரியைத் தாண்டிய வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்கு ஒரு டிகிரி போலக் கூடிக்கொண்டே போகும். முப்பத்தெட்டு வயதில் எனக்கு 64. பொன்னேரி வரை நின்றுகொண்டு போனால் இடது இடுப்பு நெருப்பாய் எரியும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

என் அம்மா இருபது வருடம் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். என் ஒல்லி இடுப்பில் குடத்தை ஏற்றி அனுப்பியதால்தான் இப்படி ஆயிற்று என்று. மீஞ்சூரில் அப்படி நினைக்காமல் எப்படி இருப்பார்? கடல்நீர் உள்ளே ஏறி எங்கள் நிலத்தடி நீர் உப்பாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டி, 2010இல் காட்டுப்பள்ளியில் ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். பெயர் எங்களுடையது, தண்ணீர் பெரும்பாலும் திருவொற்றியூர்ப் பக்கத்து அக்காமார்களே, உங்களுடையது. நாங்கள் குடம் சுமந்தே வளர்ந்தோம். ஆனால் குடத்தால் இந்த வளைவு வராது. புத்தகப் பையால் வராது, கோணலாக உட்காருவதாலும் வராது. பருவ வயதில் வருகிற வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இதை டாக்டர் வாயால் கேட்ட அன்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்குக்கூட அவ்வளவு அழவில்லை.

என் முதுகு முழுசாகத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். பஜார் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா. வலப்பக்கம் முக்கால் அங்குலம் கூடுதலாக விட்டு, இடது தோளில் ஒரு துணி மடிப்பு வைத்து, யார் கண்ணுக்கும் தெரியாதபடி இருபது வருடம் என்னைத் தைத்து மூடினார். மீதியைப் பின்னலும் துப்பட்டாவும் மூடின. பள்ளியில் பையன்கள் ‘கூனி’ என்பார்கள். சின்ன வயதில் ராமனே மந்தரையின் கூனில் மண்ணுருண்டையால் அடித்தான் என்கிறார் கம்பர். அவதார புருஷனே அடித்திருக்கும்போது எட்டாம் வகுப்புப் பையன்களை என்ன சொல்ல? பிரிட்டன் அரச குடும்பத்துப் பெண் யூஜினி பன்னிரண்டு வயதில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர். 2018இல் தன் கல்யாணத்துக்கு அந்தத் தழும்பு தெரியும்படி முதுகு இறங்கிய கவுன் தைக்கச் சொல்லி அணிந்தார். அந்தப் படத்தை நான் தையல்கார அக்காவிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, “நல்லா தச்சிருக்காங்க” என்றார். தழும்பைச் சொன்னாரா, துணியைச் சொன்னாரா தெரியவில்லை.

ஆபரேஷனைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஏழு மணி நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கால்களுக்குப் போகும் நரம்பின் சேதி தடைபடுகிறதா என்று ஒரு கருவி கடைசிவரை கவனித்துக்கொண்டே இருக்குமாம். வீட்டில் பயந்தார்களே, அந்த ஆபத்துக்கான காவல் அது. ஆபத்து பூஜ்யம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குறைவு என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். 64 டிகிரி 24 ஆயிற்று. உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியது. தழும்பு, பூக்கார அம்மா கணக்கில், முக்கால் முழம்.

இந்தக் கம்பிக்கு மூதாதை ஒன்று உண்டு. போலியோ வந்து முதுகு வளைந்த குழந்தைகளுக்காக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்பவர் உருவாக்கியது. 1962இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்துக் கம்பி போட்டவர்கள் பல மாதம் மாவுக்கட்டுக்குள் கிடக்க வேண்டும். செல்லோ வாசிப்பவர்களில் உலகப் புகழ்பெற்ற யோ யோ மா 1980இல், இருபத்தைந்து வயதுவாக்கில், இந்த ஆபரேஷன் செய்துகொண்டு ஆறு மாதம் உடம்புக் கட்டோடு இருந்தார். மறுபடி வாசிக்க முடியுமா என்பதே தெரியாத நிலையில் கத்திக்குப் போனவர், இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மாவுக்கட்டு இல்லை. ஒவ்வொரு எலும்பையும் திருகாணி தனித்தனியாகப் பிடித்துக்கொள்வதால் மூன்றாம் நாளே நடக்கவிட்டார்கள்.

ஆனால் கம்பி தற்காலிகச் சாரம்தான். கட்டடம் எழும்பும்வரை சவுக்குக் கழி தாங்குவதுபோல, எலும்பும் எலும்பும் ஒட்டும்வரை அது தாங்கும். ஒட்டுவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அதற்குள் குனிந்தால், பாரம் தூக்கினால், இடுப்பைத் திருகினால் திருகாணி தளரலாம், கம்பி முறியலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது கெடும் என்றும் கண்டித்துச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நம் வாழ்க்கை முழுக்கத் தரையில் கிடக்கிறது என்று. கோலம் தரையில். அருவாமனை தரையில். துவைக்கிற கல், பாத்திரம் விளக்கும் இடம், பாய், பந்தி, கக்கூஸ் எல்லாம் தரையில். குழாயடியில் குடம் தரையில். அரிசி மூட்டை அலமாரியின் அடித்தட்டில். சாமி படத்துக்கு முன்னால் விளக்கும் தரையில்தான். முதல் ஆறு வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று என் டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் மட்டும் 14.2 கிலோ. ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு தட்டுச் சோறும்தான் எனக்கு அனுமதிக்கப்பட்ட பாரம்.

அதனால் வீட்டைத் தூக்கினோம். அடுப்படியில் கீழே இருந்ததெல்லாம் மேடைக்கு வந்தது. கேனை ஸ்டாண்டில் கவிழ்த்துக் குழாய் வைத்தோம். கக்கூஸுக்கு மேல் வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கினோம். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன், முதலில் வாங்க வேண்டியது அதுதான். வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கவும் கூடாது. கொடியில் நழுவிய துணியையும் கட்டிலடியில் போன செருப்பையும் எடுக்க மாமியார் முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியைக் கொண்டுவந்து கட்டிலோரம் சாத்தினார். படுக்கையிலிருந்து எழுவதையும் புதிதாகப் படித்தேன். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை புரளுவதுபோல் ஒருக்களித்து, காலைக் கீழே போட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். வாசல் கோலம் என் பையன் கைக்குப் போனது. முதல் நாள் அவன் போட்ட நாலு புள்ளிக் கோலம், பதினாறு வயதில் எடுத்த என் எக்ஸ்ரே மாதிரியே இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு இரவு, இதற்காகவா பண்ணிக்கொண்டேன் என்று அழுதேன். முதுகில் பலகை வைத்துத் தைத்ததுபோல் இருந்தது. தழும்பைச் சுற்றி உணர்வே இல்லை. கண்ணாடியில் நேராகத் தெரிகிறேன், உடம்போ நான் சாய்ந்து நிற்பதாகச் சொல்கிறது. இருபது வருடமாகக் கோணலையே நேர் என்று பழகிய மூளைக்கு நேர் கோணலாகத் தெரிந்தது. எதிலும் மனம் ஒட்டவில்லை. பத்து நிமிடம் நடந்தால் இரண்டு மணி நேரம் தூக்கம். ஆபரேஷனுக்கு முன் எல்லோரும் வலியைப் பற்றியே பேசினார்கள். இந்த அசதியைப் பற்றியும் காரணமில்லாத அழுகையைப் பற்றியும் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என்னவோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்திருக்க மாட்டேன். இனி இதைச் செய்துகொள்ளப் போகிறவர் உங்களில் யாராவது இருந்தால், அந்த வார்த்தையை நான் சொல்லிவைக்கிறேன்: மூன்றாம் வாரம் அப்படித்தான் இருக்கும். ஆறாம் வாரம் அவ்வளவு இருக்காது.

நடக்கத் தொடங்கியதும் மாலையில் ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றி வருவேன். ஏகாம்பரநாதரும் வரதராஜரும் இருப்பதால் மீஞ்சூரை வடகாஞ்சி என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி நடக்கையில் ஒருநாள் கூன் பாண்டியன் நினைவுக்கு வந்தார். ஏழாம் நூற்றாண்டு மதுரை அரசர். சம்பந்தரின் பதிகத்தால் அவர் கூன் நிமிர்ந்து, நின்றசீர் நெடுமாறன் என்று பெயர் பெற்று, அறுபத்து மூவரில் ஒருவரானார் என்கிறது பெரியபுராணம். தமிழில் முதுகு நிமிர்ந்த கதை என்றால் அதுதான். அதில் ஒரு நொடியில் நிமிர்கிறார். மறுநாள் காலை என்ன ஆயிற்று என்று யாரும் எழுதவில்லை. அவருடைய பழைய அங்கிகள் பொருந்தினவா? சிம்மாசனத்தின் உயரம் சரியாக இருந்ததா? மோதிரம் கீழே விழுந்தபோது யார் எடுத்தார்கள்? அவருக்கு அரசி மங்கையர்க்கரசி இருந்தார், அரண்மனை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எனக்கு ஒரு தொரட்டியும் கவரைப்பேட்டை அக்காவும். நிமிர்த்துகிற வேலை ஒருநாளில் முடிந்துவிடுகிறது. நிமிர்ந்தவளுக்குத் தகுந்தபடி சுற்றியுள்ள பொருளை எல்லாம் இடுப்பளவுக்கு உயர்த்துகிற வேலைதான் ஒரு வருடம் நடக்கிறது, அதில் பாதியை மற்றவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடும் நேரத்தில் நான் கைகூப்பி நின்றேன். ஒரு அத்தைக்கு முகம் சுருங்கியது. “முதுகு நிமிர்ந்ததும் தலைக்கனம் வந்துடுச்சு” என்றார். வணங்குதல் என்றாலே வளைதல்தானே நம் மொழியில். வளையாத முதுகுக்காரி வணக்கத்தை எங்கே வைப்பது? பக்கத்திலிருந்த பெரியப்பாதான், “நின்னுக்கிட்டே கும்பிடும்மா, ஆசீர்வாதம் மேலேருந்துதானே வருது” என்று தலையில் கைவைத்தார்.

இனி நம் பெட்டிக்கு வருகிறேன். “இப்போ எல்லாம் சரியாயிடுச்சா?” என்று நீங்கள் கேட்பது அன்பினால்தான். பதில்: இடுப்பு எரிச்சல் போய்விட்டது, படியேறினால் மூச்சு வாங்குவதில்லை, 24 டிகிரி இன்னும் மிச்சம் இருக்கிறது, தரை தூரமாகிவிட்டது. சந்தோஷத்தில் முதுகில் தட்டாதீர்கள், கையைப் பிடியுங்கள். சீட் காலியாக இருந்தும் சில நாள் நிற்கிறேனே, அது வீம்பு இல்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும். சில நாள் வயதானவர் நிற்க நான் உட்கார்ந்திருப்பேன். அதுவும் திமிர் இல்லை, அன்றைக்குக் கால் தாங்கவில்லை. கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டேன், ஆளே திரும்புவேன். அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஏதாவது விழுந்தால் எடுத்துக் கையில் கொடுங்கள். எனக்கு மட்டுமல்ல, யாருக்கும். குனியாதவர்கள் எல்லோருக்கும் முதுகில் கம்பி இருக்காதுதான். இருக்கிறவர்களும் அதைச் சொல்லிக்கொண்டு ஏற மாட்டார்கள்.

இன்னொன்று. அத்திப்பட்டுப் புதுநகரில் சில நாள் ஒரு அம்மா பள்ளிக்கூடப் பெண்ணோடு ஏறுகிறார். பெண்ணுக்கு ஒரு தோள் தூக்கியிருக்கிறது, ஒரே பக்கமாகப் பையை மாட்டி அதை மறைக்கிறாள். மறைக்கிற வித்தை எனக்குத் தெரியும், அதனால் கண்ணில் பட்டது. முகத்துக்கு நேரே சொன்னால் பெட்டியே அவளைத் திரும்பிப் பார்க்கும். அதனால் பெண்பிள்ளை பெற்ற எல்லோருக்குமாகச் சொல்கிறேன். பத்து வயதிலிருந்து பதினைந்துவரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையைக் கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாக இருந்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். வளர்கிற வயதில் தெரிந்தால் பலருக்கு இடுப்புக் கவசத்தோடு நின்றுவிடும், கத்திவரை போகாது. நம் வண்டி போய் நிற்கும் சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி இருக்கிறது. செலவுக்குப் பயந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று அங்கேயே விசாரியுங்கள். “கல்யாணம் ஆகட்டும்” என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த அம்மா இதைப் படிக்காவிட்டால், படித்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்லுங்கள்.

போன வாரம் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பு நன்றாக ஒட்டி வருகிறது என்றார். மறுநாள் விடியலில் கோலக்குழலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றதை மடக்கி, முதுகைக் கம்பம் மாதிரி வைத்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தேன். எழுந்து, நகர்ந்து, மறுபடி முழங்காலை ஊன்றி அடுத்த கோடு. ஐந்து நிமிடக் கோலத்துக்கு இருபத்தைந்து நிமிடம். பையன் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “இனிமே நான் போட வேண்டாமா?” என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் எனக்கு, மீதி நாள் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவன் கோடும் இப்போது நேராக வருகிறது.

இப்படிக்கு,
மீஞ்சூரில் ஏறி, இரண்டாம் ஜன்னலோரம் நிற்பவள்

பி.கு.: அன்று உருண்டோடிய டிபன் பாக்ஸ் மூடி எவர்சில்வர். ஓரத்தில் சின்ன நெளிவு, மேலே அம்மாவின் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். யாராவது எடுத்து வைத்திருந்தால் கொடுங்கள். குனிந்து தேடச் சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டால் போதும்.